எந்தப் படத்துப் பாட்டு?

கோபம் வந்தால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். மெல்லிசைக் குழுவில் பாடிய அத்தனை வருடமும் அதற்குப் பயந்தே கோபத்தை விழுங்கி விழுங்கிப் பாடினேன். இப்போது பாடுவதில்லை. அதனால் வஞ்சனை இல்லாமல் கோபப்படலாம்.

எண்பதுகளின் தொடக்கம். அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடியது. வார நாட்களில் நெசவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுவேன். விசேஷ நாட்களில் சேலத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பாடப் போவேன். பாடுவது என்றால் ரெக்கார்டில் இருப்பதை அப்படியே பாடுவது. ரெக்கார்டுப் பாடகி மூச்சு விட்ட இடத்தில்தான் நானும் மூச்சு விட வேண்டும். ஆசைப்பட்டு ஒரு இழுப்புக் கூடுதலாக இழுத்துவிட்டால் போச்சு, முன்வரிசையில் எவனாவது உச்சுக் கொட்டுவான். அச்சு அசலாக இருந்தால் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் யாருக்கு? எனக்கா? சத்தியமாக இல்லை. கிராமபோன் பெட்டிக்குச் சேலை கட்டி நிறுத்தினாலும் அப்படித்தான் தட்டியிருப்பார்கள்.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். ஜலகண்டாபுரத்தில் கட்டிக்கொடுத்தோம், தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். அவளை நினைத்து ஒரு பாட்டுக் கட்டினேன். மெட்டும் என்னுடையது, வார்த்தையும் என்னுடையது. அம்மாவிடம் அக்கா பேச்சையே எடுக்க முடியாது, எடுத்தால் எழுந்து போய்விடுவாள். அதனால் வீட்டில் அதை முணுமுணுத்ததுகூட இல்லை. ஆனால் மேடையில் பாடினால் கேட்டுத்தானே ஆக வேண்டும்? பாட வரும் பெண்ணோடு வீட்டு ஆள் ஒருவர் துணைக்கு வர வேண்டும் என்பது குழுவின் வழக்கம், எனக்கு அம்மாதான் வருவாள். சின்னவள் பெரியவளுக்காகக் கட்டிய பாட்டு என்று தெரிந்து அவள் ஒருமுறை வாய்விட்டு அழட்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

குழுவை நடத்தியவரை மாஸ்டர் என்போம். ஆர்மோனியம் வாசிப்பார். அவரிடம் மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றேன். கடைசியில், "சரிம்மா. நாமக்கல்ல லாரி முதலாளிங்க கிளப்புல ஆண்டு விழா. அங்க கடைசிப் பாட்டா வச்சுக்க. நீ கட்டினதுன்னு நானே மைக்குல சொல்றேன்" என்றார். நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் கச்சேரி, மத்தியானம் கறிச்சோறு. ஹாலில் பாதிப் பேர் சீட்டாட்டத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. உருக்கமான சரணத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது ஒருவர் மேடையேறி என் கையிலிருந்து மைக்கை வாங்கி, "ஏனுங்க, கேட்டுக்குக் குறுக்க நிக்கற வண்டி யாருதுங்க, கொஞ்சம் தள்ளி உடுங்க" என்பார். சொல்லிவிட்டு, "ம், பாடுங்க அம்மிணி" என்று திருப்பித் தருவார். விட்ட இடத்திலிருந்து பாட நான் என்ன தண்ணீர்க் குழாயா, மூடித் திறப்பதற்கு? அன்றைக்கு அதையும் பொறுத்துக்கொண்டேன். கடைசிப் பாட்டு என்னுடையது அல்லவா.

அந்த நேரமும் வந்தது. மாஸ்டர் எதுவும் அறிவிக்காமல் ஆர்மோனியத்தில் சுருதி பிடித்தார். நான் அவரைப் பார்த்தேன். பாடு, பாடு என்று கையைக் காட்டினார். பாடினேன்.

"கொடியிலே காயுது சேலை, உடுத்தினவ எங்கே போனா?"

முதன்முறையாக நான் நினைத்த இடத்தில் மூச்சு விட்டேன். குரல் உடைந்த இடத்தில் உடையட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குள் ஹாலில் சலசலப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையிலிருந்து கிளப் தலைவர் சத்தமாகவே கேட்டார்: "ஏனுங்க மாஸ்டர், இது எந்தப் படத்துப் பாட்டுங்க?"

மாஸ்டர் பாதியில் வாசிப்பை நிறுத்தினார். மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "இனிமே வரப்போற படமுங்க. இன்னும் ரெக்கார்டே வெளிய வரல. உங்களுக்குத்தான் மொதல்ல!"

அடப் பாவி மனுஷா!

ஹால் கப்சிப் என்று ஆனது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வெளியே நின்ற டிரைவர்கள் ஜன்னலில் வந்து கூடினார்கள். நான் தொடர்ந்து பாடினேன், வேறென்ன செய்ய? முடித்தபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒன்ஸ் மோர் என்று கத்தினார்கள். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் ஒன்ஸ் மோர், அதுவும் இல்லாத படத்துக்கு. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மேடை விளிம்புக்குப் போய்த் தலைவரிடம் சொன்னேன்: "படமெல்லாம் இல்லைங்க. இது நான் கட்டின பாட்டு."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அம்மிணி நல்லாத்தான் வெளையாடறீங்க" என்றார். அதற்குள் பந்தி ரெடி என்று யாரோ குரல் கொடுக்க, ஹாலே எழுந்து கறிச்சோற்றுக்கு ஓடியது.

மேடைக்குப் பின்னால் மாஸ்டரைப் பிடித்து உலுக்காத குறைதான். "ஏன் அப்படிச் சொன்னீங்க? சொன்ன வார்த்தை என்னாச்சு?" அந்த ஆள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அவங்க காது குடுத்துக் கேட்டாங்கல்ல? அதப் பாரும்மா" என்றார். குற்றம் செய்த முகமே இல்லை. நல்லது செய்ததாக இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்.

நான் சாப்பிடவில்லை. சேலம் பஸ்ஸில் ஏறினோம். ஹாலில் பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்து கேட்ட அம்மாவின் முகம் அழுது வீங்கிக் கிடந்தது. ராசிபுரம் தாண்டியதும் தானாகவே ஆரம்பித்தாள்.

"நம்ம கொடிய நின்னு பாத்த மாதிரியே எழுதியிருக்கான் கண்ணு. அவ போனதுக்கப்புறம் அவ சேலைய நான் தொவச்சுத் தொவச்சுக் காயப்போட்டேனே, அது எப்பிடி அவனுக்குத் தெரிஞ்சுது? அவனும் யாரயோ பறிகொடுத்திருப்பான், பாவம்."

"அம்மா, அத எழுதினது நான். அக்காவுக்காக நான்தாம்மா கட்டினேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அவரு மைக்குல சொன்னாரே கண்ணு. அவ்வளவு பேரு முன்னால பொய்யா சொல்லுவாரு?"

சேலம் வந்து சேரும்வரை அந்த எழுதினவனுக்காக அழுதுகொண்டே வந்தாள்.