மார்லிஸும் அடம்பிடித்த மீட்டரும்

சுப்பீரியர் ஏரிக்கரை ஊரான முனிசிங்கில், எங்கள் ஏரி ஆய்வு அலுவலகத்தில் மார்லிஸ் ஹாபலாவுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. அதற்கு முன் அவள் ஊரில் பனி தள்ளும் லாரிகளுக்குப் பாதை வகுத்துக் கொடுத்தவள். இங்கே, ஏரியில் எந்த ஆழத்தில் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என்று காட்டும் வரைபடம் அவள் பொறுப்பு. எங்கள் சர்வரிலிருந்து அது நேரே படகுக்காரர்களின் திரைக்குப் போகும்.

ஒரு ஜூலையில் வெர்ன் கடாட் வந்து நின்றார். சுற்றுலாக்காரர்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போகிறவர்.

"மார்லிஸ், டிரௌட் மீனுக்குத் தோதான தண்ணி இருநூறு அடியில இருக்குன்னு உன் மேப் சொல்லுது. தூண்டிலை இறக்கினா அங்க ஐஸா இருக்கு. வந்தவங்க மீனைப் பாக்கல, என் மூஞ்சியத்தான் பாத்துட்டுப் போனாங்க."

எங்கள் மேலாளர் டக், சர்வரின் செட்டிங்கைத் திறந்தார். ஆழத்தின் அலகு என்ற கட்டத்தில் 'அடி' என்றுதான் இருந்தது. "நம்ம பக்கம் சரியாத்தான் இருக்கு. அவரு மெஷின் பழசு" என்று எழுந்து போய்விட்டார்.

மார்லிஸ் என்னிடம் சொன்னாள்: "வெர்ன் பொய் சொல்றதா இருந்தா பெரிய மீன் மாட்டிச்சுன்னு சொல்வாரு. மாட்டலன்னு வந்து சொல்ல மாட்டாரு."

சர்வர் வெளியே அனுப்பும் குறிப்பை வரவழைத்து வரிவரியாகப் படித்தாள். அதில் 'மீட்டர்' என்றிருந்தது. எங்களிடம் அறுபது அடியாக இருந்தது வெளியே அறுபது மீட்டராகப் போய், அதை அடியாக மாற்றிக் காட்டும் வெர்னின் திரையில் இருநூறு அடியாக வந்திருக்கிறது.

'அடி'யை அழித்து மறுபடி 'அடி' என்றே எழுதிவிட்டுக் குறிப்பைப் பார்த்தாள். மீட்டர். சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டாள். மீட்டர். மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த கறி அடைத்துச் சுட்ட பாஸ்டியை ஒரு கடி கடித்துவிட்டு, அலகுக் கட்டத்தில் 'பாஸ்டி' என்று எழுதிச் சேமித்தாள். அப்போதும் மீட்டர்தான்.

"பாத்தியா? நாம எழுதறதை இது படிக்கறதே இல்ல."

மென்பொருளை எழுதியவர்களுக்குப் பாஸ்டிக் கதையையே அனுப்பினாள். பிழை தங்களுடையதுதான், அடுத்த பதிப்பில் திருத்துகிறோம் என்று பதில் வந்தது. அதுவரை மீன் காத்திருக்குமா? அலகின் பெயர் மாற மாட்டேன் என்கிறதே என்று, எல்லா ஆழங்களையும் மீட்டருக்கே மாற்றி எழுதிவிட்டாள். சர்வர் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது.

நானாக இருந்தால் அப்போதே வெளியிட்டிருப்பேன். அவள் படகுக்காரர்களைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

"இந்நேரம் யாராவது தாங்களே கணக்குப் போட்டுப் பழகியிருப்பாங்க. சொல்லாம சரி பண்ணா அவங்களுக்குத் தப்பாயிடும்."

அவள் நினைத்தது சரிதான். ஐனோ என்ற கிழட்டுப் படகுக்காரர் எரிந்து விழுந்தார். "மூணால வகுத்துக்கிட்டு நிம்மதியா இருந்தேன். அதையும் கெடுத்துட்டியா?"

"கெடுத்துட்டேன். நாளைலேர்ந்து வகுக்காதீங்க. எங்க, ஒரு தடவை சொல்லுங்க பாப்போம்."

அவரும் முணுமுணுத்துக்கொண்டே சொன்னார். போனை எடுக்காத ஒருவருக்காகப் படகுத்துறைக்கே போய் நின்று, அவர் கரையேறியதும் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்து, பிறகுதான் வெளியிட்டாள்.

அடுத்த வாரம் வெர்ன் புகையில் வாட்டிய டிரௌட் ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். அறுபது அடியில் கிடைத்ததாம். பெரிய துண்டை டக் எடுத்துக்கொண்டார். மார்லிஸ் சிரித்தபடி வால்பக்கத்தை எனக்குத் தள்ளினாள்.