துளசிங்கம் அண்ணன் கொண்டுவந்த வாசற்படி

துளசிங்கம் அண்ணனுக்குக் கருப்புக் கல் குவாரியில் கல் பார்க்கிற வேலை. வெட்டிய கல்லின்மேல் தண்ணீர் ஊற்றிக் குனிந்து பார்ப்பார். நனைந்த கருப்பில் அரிசி அரிசியாக வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது கழிவு. இருபத்திரண்டு வருடமாக அவர் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை.

எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு வாசற்படிக் கல் வேண்டியிருந்தது. நல்ல கல்லாகக் கொண்டுவருகிறேன் என்று கமிட்டியிடம் அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். முதலாளியும் தர்மமாகவே தந்தார், கழிவுக் குவியலிலிருந்து. அவரிடம் பேச அண்ணனுக்கு வாய் வரவில்லை. காய்ந்த கல்லில் புள்ளி தெரியாது என்ற தைரியத்தில் பதித்துவிட்டார்.

ஆடி வெள்ளிக்கு வாசல் கழுவினோம். புள்ளிகள் எழுந்து உட்கார்ந்துகொண்டன.

"இன்னாங்க துளசிங்கம், அம்மா வாசல்லியே கல்லுக்கு அம்மை போட்டா மாதிரி கீது? வர்ற வெள்ளிக்குள்ள மாத்திடுங்க" என்றார் கமிட்டித் தலைவி கன்னியம்மாள். அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

அந்த வாரம் குவாரிக்கு ஹேமாவதி என்று ஒரு பெண் வந்தார். சென்னையில் பாறை ஆராய்ச்சி செய்கிறவராம். எங்கள் கோயிலுக்குச் சாமி கும்பிட வந்தவர், பூதக்கண்ணாடியோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது பூமிக்குள்ள நெருப்புக் குழம்பா இருந்ததுங்க. இந்த வெள்ளை மணியெல்லாம் ஆழத்துல மெதுவா ஆறும்போதே வளந்தது. அப்புறம் குழம்பு வெடிப்பு வழியா ஏறி சீக்கிரம் ஆறினதுதான் சுத்தியிருக்கற கருப்பு. தரைக்கு மேலயே வந்திருந்தா எரிமலை. குழம்பு எங்கேர்ந்து கிளம்புச்சுன்னு இந்த மணிங்கதான் சாட்சி."

"அப்போ வெள்ளைதான் மூத்ததா?" என்றார் கன்னியம்மாள்.

"ஆமாங்க."

மறுநாளே படிக்கு மஞ்சள் குங்குமம், அண்ணனுக்குச் சால்வை. அவருக்கு மனசு கேட்கவில்லை.

"இது கழிவுக் கல்லுங்க. நாந்தான் மறைச்சி எட்த்தாந்தேன்."

"சும்மா இருங்க. படிச்ச பொண்ணு கண்ணாடி வெச்சிப் பாத்து சொல்லிட்டுப் போயிருக்குது. நீங்க மூணாவதுதான் படிச்சீங்க. கல்லப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றார் கன்னியம்மாள்.

நான் ஐந்தாவது. குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

"பின்வாசலுக்கும் ஒண்ணு வேணும். புள்ளி நெறைய இருக்கறதா பாத்து எட்த்தாங்க. தை மாசத்துக்குள்ள."

அண்ணன் குவியலுக்குப் போனார். அங்கே வெறும் தரைதான் இருந்தது. முந்தின நாள்தான் மொத்தமும் ஜல்லி மெஷினுக்குப் போயிருந்தது, இவர் போட்ட கையெழுத்தில்.

இப்போது ஒவ்வொரு கல்லையும் நனைக்கும்போது, புள்ளி தெரியணும் தாயே என்று வேண்டிக்கொள்கிறாராம். வருகிறதெல்லாம் சுத்தக் கருப்பு. முதலாளி அவரைக் கைராசிக்காரர் என்கிறார்.