மாணிக்கம் சொன்னதில் நான் விட்ட வரி

டாக்டராவதற்கு முன்னால் டாக்டர் பக்கத்தில் நிற்பது இருக்கிறதே, மருத்துவத்திலேயே சிரமமான பிரிவு அதுதான். மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட்டுவிட்டு, காத்திருந்த மாதங்களில் தொண்டு செய்யப் போய் இப்படி நின்றவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நான் நின்றது அறுபதுகளின் தொடக்கத்தில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், ஞாயிறு காலைகளில் நடந்த ஓர் இலவச கிளினிக்கில்.

எது என் வேலை

சீன டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ராசம்மா மிஸ்ஸிக்குத் தெரியும், யாழ்ப்பாணத்துக்காரர். நர்ஸ்களை அப்போது மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் ஊசி மேசையை விட்டு அவரால் நகர முடியாது. நோயாளி சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல நான். கொதிநீரில் கிடந்த கண்ணாடி சிரிஞ்சுகளை நான் ஆசையாகப் பார்ப்பதை மிஸ்ஸி முதல் நாளே கவனித்துவிட்டார்.

"தம்பி, பேர் எழுதும், நிறை பாரும், அவை சொல்லுறதை டாக்டருக்குச் சொல்லும். உமக்கு வாய்தான் வேலை. கை என்ட வேலை."

வெள்ளைச் சட்டை

கேலாங்கிலிருந்து வந்த ஒரு தாய், காய்ச்சலில் கொதித்த குழந்தையை என் கையில் திணித்து, நீயே ஊசி போடு என்றார். முடியாது என்று சொல்லி, வரிசையைத் தாண்டி மிஸ்ஸியிடம் கூட்டிப் போனேன். குழந்தை பிழைத்தது. என் மானம் பிழைக்கவில்லை.

"இங்கிலீசு பேசுற, ஊசி போடத் தெரியாதா? அப்புறம் எதுக்குப்பா வெள்ளைச் சட்டை?"

இரண்டே சொல்

அது உறைத்தது. டாக்டர்கள் மாதிரி சுருக்கமாகப் பேசிப் பழகினேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மாணிக்கம், காலில் சீழ் வைத்து வந்தார். முன்பு பெனிசிலின் போட்டதுண்டா, ஏதாவது ஆனதா என்று டாக்டர் கேட்டார். மாணிக்கம் கப்பல், கங்காணி, பழைய புண் என்று ஊரைச் சுற்றி வந்தார். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. "போட்டிருக்கிறார், தொந்தரவில்லை" என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டேன்.

மிஸ்ஸி மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி, பஞ்சால் புஜத்தைத் துடைத்தார். மாணிக்கம் சிரித்தபடி, "இந்தத் தடவை நண்டு தின்னல மிஸ்ஸி, உதடு வீங்காது லா" என்றார். தோலைத் தொடப்போன ஊசி அப்படியே நின்றது. போன முறை ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு முட்டியதாம். நண்டுதான் காரணம் என்று நினைத்திருந்தார். அதை அவர் என்னிடமும் சொல்லியிருந்தார். கதை என்று விட்டுவிட்டேன். மிஸ்ஸி ஆங்கிலத்தில் சொல்ல, டாக்டர் சீட்டில் எழுதியதை அடித்து, வேறு மாத்திரை எழுதினார். மிஸ்ஸி சிரிஞ்சைத் தட்டில் வைத்தார்.

"உம்மட கையைத்தான் கட்டி வைச்சனான். வாயை யோசிக்கேல்ல."

முழுக்கதை

அடுத்த ஞாயிறு மாணிக்கம் மறுபடி வந்தார். கப்பல், கங்காணி, நண்டு, நண்டு விற்ற மலாய்க்காரர் உட்பட ஒன்றுவிடாமல் டாக்டருக்குச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். மாணிக்கம்தான் சங்கடப்பட்டார்.

"அம்புட்டுமா தம்பி நான் பேசினேன்?"

இருபது வருஷம் வெளிநாட்டில் ஊசி போட்டுவிட்டு ஊர் திரும்பியவன் சொல்கிறேன்: அன்று என் கையில் சிரிஞ்சைக் கொடுத்திருந்தால்கூட நான் அவ்வளவு பெரிய ஆபத்தாக இருந்திருக்க மாட்டேன்.