சாய்ந்து நிற்கும் எட்டு

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்துகிடப்பதால் எங்கள் பஸ் டீக்கடை ஓரமாக நிற்கிறது. பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் பழைய கைக்கடிகாரம் ஒன்றை விற்பதற்காக நீட்டுகிறார்.

“மாமனாரு கட்டுனதுங்க. ஒரிஜினல் டயலு.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணாடியெல்லாம் கீறல்; உள்ளே டயல் மட்டும் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்போலப் பளிச்சிடுகிறது. முள்ளில் பூசிய ரேடியம் பழுத்துக் கறுத்துவிட்டது. எண்களில் பூசியதோ பச்சைப் பசேலென்று இருக்கிறது. போதாததற்கு, எட்டு வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது.

“டயலுக்குப் புது பெயின்ட் அடிச்சு, நம்பரையும் கையால எழுதியிருக்காங்க” என்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. “உங்களுதக் கழட்டுங்க, பக்கத்துல வெச்சிப் பாக்கலாம்.”

சேலத்தில் செகண்ட்ஹேண்டாக நானே சோதித்து வாங்கியது. தைரியமாகக் கழற்றி வைக்கிறேன். அதிலும் எட்டு அதே பக்கம் சாய்ந்திருக்கிறது.

“நல்லா ஓடுதுங்களா?” என்று அக்கறையாக விசாரிக்கிறார்.