பாத்ரூம் சுவரில் இன்னொரு பிள்ளைத்தாச்சி

எட்டுக்கால் பூச்சி என்றால் எனக்கு உயிர் போய்விடும். கொஸ்லந்தவில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான். அட்டையைக் காலிலிருந்து பிய்த்தெறிந்துவிட்டுச் சோறு தின்பேன். பாம்பைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவேன். ஆனால் சுவரில் எட்டுக் காலையும் பரப்பிக்கொண்டு சும்மா இருக்கும் அந்த ஜீவனை மட்டும் என்னால் பார்க்க முடியாது. ஓடித் தொலைந்தாலாவது பரவாயில்லை. அது உட்கார்ந்து யோசிக்கிறது.

பண்டாரவளையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில், எனக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது, அப்படி ஒன்று பாத்ரூமுக்குள் வந்து சேர்ந்தது. உள்ளங்கை அகலம். வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக, வட்டமாக ஒரு முட்டைப் பொதியை அணைத்துப் பிடித்திருந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. என் வீட்டுக்காரர் வீடு கூட்டும் தும்புத்தடியோடு ஓடி வந்தார். பார்த்தார். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டார்.

“அடிக்கக் கூடாது புள்ள. நீ முழுகாம இருக்க.”

பெண்டாட்டி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது புருஷன் ஓர் உயிரையும் கொல்லக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். என் மாமியார் வரும்போதெல்லாம் அதை ஞாபகப்படுத்திவிட்டுத்தான் தேத்தண்ணியே குடிப்பார். கடையில் அறுத்த கோழியைத் தின்பதற்கு மட்டும் தடை இல்லை. அப்படியானால் நான் அடிக்கலாமா என்று கேட்டேன். அதற்குச் சட்டம் எதுவும் இல்லையாம். எனக்குத்தான் தைரியம் இல்லை.

விரட்டிப் பார்த்தார். அது சரசரவென்று மேலே ஏறி, நான் குளிக்கும் இடத்துக்கு நேர் மேலே கூரையில் குடியேறியது. அன்று முதல் நான் குளித்தால் அவர் பக்கத்தில் நின்று எனக்குக் குடை பிடிக்க வேண்டும். ராஜகுமாரி மாதிரி குளித்தேன் என்று நினைக்க வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு குளித்தேன்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. மருந்து வைத்தால் அது தானாகச் செத்ததாகக் கணக்காம். வேலை முடிந்து வரும் வழியில் மருந்து விற்கும் பாமசிக்குப் போயிருக்கிறார்.

“பூச்சிக்கு மருந்து வேணுங்க.”

“யாருக்கு?”

“வைஃபுக்குத்தான். பயந்துகிட்டு பாத்ரூம் பக்கமே போக மாட்டேங்கிறா.”

“பூச்சியக் கண்ணால பாத்தீங்களா?”

“பாத்தேங்க. இவ்வளவு பெருசு. முட்டையோட இருக்கு.”

கடைக்காரர் அவருடைய விரித்த கையையே பார்த்தாராம்.

“வேற ஏதும் நோய் வருத்தம் இருக்கா?”

“இல்லீங்க. முழுகாம இருக்கா, எட்டு மாசம்.”

“ஐயோ, வயித்துப் பூச்சிக்கு இப்ப நான் குளிசை குடுக்க ஏலாது. உடனே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க.”

வெறுங்கையோடு வந்து இதைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. ஒரு பூச்சியை அடிக்க வக்கில்லாமல் ஊரெல்லாம் எனக்கு வயிற்றுப் பூச்சி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். “அம்மா பேச்சுக்கு இப்பிடியா பயப்படுவீங்க?” என்று கத்தினேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். “அம்மாவுக்காக இல்ல புள்ள. மொதப் புள்ள தங்காமப் போச்சே, அந்த மாசம் நான் கொல்லையில ஒரு சாரப்பாம்ப அடிச்சேன். ஒன்கிட்ட சொல்லல.”

அப்போது டாக்டர் சொன்ன காரணம் வேறு. அவரும் பக்கத்தில் நின்று கேட்டவர்தான். இருந்தும் இத்தனை நாளாக அந்தப் பாம்பை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பாதி போனது. அதற்குப் பிறகு குடைக்குள் நின்று முறைப்பாடு சொல்லவில்லை. மேலே இருப்பவளும் முட்டையை விட்டு அசையவில்லை. அவள் எதையாவது தின்று நான் பார்க்கவும் இல்லை. எனக்கோ பசி அடங்கவே இல்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் பிறந்தது. நல்ல நிறை, நல்ல குரல். அவர் பிள்ளையைக் கையில் வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்காத பக்கமாகத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பாத்ரூமுக்குப் போனவர் அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கூரை முழுக்கக் கடுகு இறைத்தது போலக் குட்டிகள். நடுவில் அவள், வயிறு ஒட்டிப்போய். பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கினேன். பயம் எங்கேயும் போகவில்லை, அப்படியேதான் இருந்தது.

அவர் கையில் தும்புத்தடி. முகத்தில் ஆசை. “இனி அடிக்கலாம்தானே?”

“அவளும் பச்ச ஒடம்புக்காரிங்க. தீட்டுக் கழியட்டும், விடுங்க,” என்றேன். “குடைய எடுங்க.”