தம்பி வாங்கி வந்த மடக்குக் கத்தி

எண்பத்தேழோ எண்பத்தெட்டோ, மாம்பழ சீசன். எனக்குக் கல்யாணமாகி ராஜபாளையம் வந்து ஒரு வருஷம் முடிஞ்சிருந்த நேரம். எங்க வீட்டுக்காரர் அங்க ஒரு நூல் மில்லுல ஃபிட்டர். மில்லுக்குப் பின்னால வரிசையா இருந்த வாடகை வீடுகள்ல ஒண்ணுல நாங்க ரெண்டு பேரும் இருந்தோம். நான் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸுல ஏறி உட்கார்ந்து பக்கத்துல இருக்குறவங்ககிட்ட நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள ஊர் வந்துடும். ஆனாலும் அந்த ஒரு வருஷமா எனக்கு நிம்மதி இல்லை.

காரணம் என் தம்பி. பட்டாளத்துல இருந்தான். எங்க பக்கத்துல பொண்ணோட கூடப்பிறந்தவன்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மேடைக்குக் கூட்டிட்டு வரணும். லீவு கிடைக்கலைன்னு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தந்தி வந்துச்சு. சித்தப்பா மகனை நிறுத்தி ஒருவழியா சமாளிச்சோம். மாப்பிள்ளை வீட்டுல நாலு பேர் நாலு விதமா பேசினாங்க. இவர் மட்டும் ஒண்ணும் சொல்லலை. சண்டை போட்டாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம். பேசாம இருக்குறவரை என்ன பண்றது?

அதுக்கப்புறம் தம்பிக்கு அப்பத்தான் லீவு கிடைச்சு, ரெண்டு நாள் எங்களோட இருந்துட்டுப் போறேன்னு வந்தான். நான் மாசமா இருந்தேன். பிறக்கப்போற பிள்ளைக்கு அவன் ஒருத்தன்தான் தாய்மாமன். காது குத்த மடியில வச்சுக்க அவன்தான் வேணும். இந்த ரெண்டு நாள்ல ரெண்டு பேரும் ராசியாகலைன்னா இனி எப்ப ஆகுறதுன்னு எனக்கு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

இவர் வாசல்ல நின்னு, "வாங்க தம்பி, பிரயாணமெல்லாம் சௌகரியமா?"ன்னு கேட்டார். எனக்கு அதுலயே பாதி உசுரு போச்சு. தெருவுல போற வாற இளவட்டத்தையெல்லாம் ஏலேன்னு வாய் நிறையக் கூப்பிடுற மனுஷன், என் தம்பிக்கு மட்டும் 'வாங்க, போங்க' போட்டா என்ன அர்த்தம்?

காபி குடிக்கும்போது தம்பி பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தான். மரக் கைப்பிடி, ரெண்டு முனையிலயும் பித்தளை. பார்க்க அம்புட்டு அழகு. கத்தியைக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்னு எங்க ஊர்ல யாரும் அப்படிக் குடுக்க மாட்டோம். அடுப்படியிலகூட கீழ வைப்போம், வேணுங்கிறவங்க எடுத்துப்பாங்க. தம்பியும் அதை ரேடியோப் பெட்டி மேல வச்சுட்டு, "அத்தான், இது உங்களுக்குத்தான்"னான். இவர், "எதுக்குத் தம்பி இதெல்லாம்"னு சொல்லிட்டு காபியைக் குடிச்சார். எடுக்கலை.

சரி, பொறவு எடுப்பார்னு பார்த்தேன். மறுநாள் காலையில செய்தி கேட்க ரேடியோவைத் திருகினார். கத்தி கைக்கு ஒரு சாண் தள்ளி இருக்கு. பார்த்தார். திருகினார். செய்தி கேட்டார். வேலைக்குக் கிளம்பிட்டார். குடுத்த பொருளைத் தொடக்கூட மாட்டேங்குற அளவுக்கு என்ன வீம்புன்னு, அன்னிக்குப் பாத்திரம் தேய்க்கும்போது பாவம் அந்தப் பாத்திரம்தான் அடி வாங்குச்சு.

தம்பி செட்டியார்பட்டியில இருக்குற சிநேகிதனைப் பார்த்துட்டு வாரேன்னு போயிட்டான். வீட்டுல நான் மட்டும். ரேடியோவைத் துடைக்கிற சாக்குல கத்தியை எடுத்து விரிச்சேன். விரிச்சதும் பக்குன்னு ஆயிருச்சு. அலகு இடமும் வலமும் ஆடுது, விழப்போற பால்பல்லு மாதிரி. புதுக் கத்தி, இன்னும் ஒரு வெங்காயத்தைக்கூட பார்க்கலை, அதுக்குள்ள ஆட்டம்.

மில்லுல எந்த உருளை எங்க லேசா ஆடினாலும் கண்டுபிடிக்கிற மனுஷன் இவர். கையில எடுத்த நிமிஷமே தெரிஞ்சு போகும். கல்யாணத்துக்கும் வரலை, குடுத்த கத்தியும் ஓட்டைன்னு ஒரு வார்த்தை வாயில வந்துட்டா என் தம்பி இந்த வாசலை மறுபடி மிதிக்க மாட்டான். அவன் ரோஷம் எனக்குத் தெரியும்.

அவர் வர்றதுக்குள்ள நானே சரி பண்ணிடலாம்னு முடிவு பண்ணினேன். அலகையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடிச்சிருக்குற ரிவிட்டு லூசா இருக்கு, அம்புட்டுத்தானே, ரெண்டு போடு போட்டா இறுகப்போகுதுன்னு நினைச்சேன். ஃபிட்டர் பொண்டாட்டி இல்லையா. கத்தியை மடக்கி அம்மிமேல வச்சு, தேங்காய் உடைக்கிற அரிவாளைத் திருப்பிப் பிடிச்சு நங்குன்னு போட்டேன். ஆசை தீர இன்னொண்ணும் போட்டேன். ஆட்டம் நின்னுருச்சு. கத்தி திறக்கிறதும் சேர்ந்து நின்னுருச்சு. நகத்தைக் குடுத்து இழுத்தேன், நகம்தான் போச்சு. தேங்காயெண்ணெய் ஊத்தினேன், கைதான் வழுக்குச்சு. கடைசியில துடைச்சு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி ரேடியோ மேலயே வச்சுட்டேன்.

மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணுபோல வந்து சேர்ந்தாங்க. தம்பி கையில ஒரு பை நிறைய சப்பட்டை மாம்பழம். சாயங்கால பஸ்ஸுல அவன் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பணும். சாப்பிட்டு முடிச்சதும், நான் அடுப்படிக் கத்தியைக் கொண்டுவர எந்திரிக்கிறதுக்குள்ள, இவர் என்ன நினைச்சாரோ, எட்டி ரேடியோ மேல இருந்த கத்தியை எடுத்தார். முந்தின நாள் பூரா எடுக்க மாட்டாரான்னு தவம் கிடந்த நான், இப்ப எடுக்காம இருக்கக் கூடாதான்னு வேண்டிக்கிட்டேன்.

இழுத்தார். வரலை. திருப்பிப் பார்த்தார். ரிவிட்டுத் தலையில பளிச்சுன்னு அடிபட்ட தடம். விரல்ல எண்ணெய். மூந்து பார்த்தார், தேங்காயெண்ணெய். தம்பி மூஞ்சி செத்துப் போச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு. நான்தான் அடிச்சேன், ஆடுச்சு, நீங்க பார்த்தா ஏதாவது சொல்லிடுவீங்கன்னு பயந்து அடிச்சேன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

பொறவு தம்பி மெதுவா சொன்னான். "ஆடுதுன்னு எனக்கும் தெரியும்க்கா. ரயில்லதான் விரிச்சுப் பார்த்தேன். அத்தானுக்கு இதைப் போய் குடுக்கறதான்னு கூச்சமா இருந்துச்சு. வெறுங்கையோட வரவும் மனசில்லை."

அப்ப இவர் சொன்னதைத்தான் என்னால இன்னிக்கு வரைக்கும் மறக்க முடியலை.

"நேத்து நீ குளிக்கப் போனப்பவே நான் விரிச்சுப் பார்த்துட்டேன்டா. ஆட்டத்தைச் சொன்னா உன் முகம் சுருங்கிப் போகும். உன் எதிர்ல எடுத்தா சொல்லாம இருக்க என் வாய் கேக்காது. அதான் தொடாம இருந்தேன். நீ ஊருக்குப் போன பொறவு சரி பண்ணிக்கலாம்னு நினைச்சேன். இன்னிக்குப் பழத்தைப் பார்த்ததும் மனசு கேக்கலை. உன் கத்தியால நறுக்காட்டி நீ என்ன நினைப்பே?"

நான் வீம்புன்னு நினைச்சு காலையில பாத்திரத்தைப் போட்டு உருட்டினது இதுக்குத்தான். எனக்கு வெட்கமா இருந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. முதல்ல சிரிச்சது இவர்தான். அரிவாளால ரிவிட்டு அடிக்கிற ஆளை மில்லுல விட்டா ஒரே நாள்ல மில்லைப் பூட்டிட்டுப் போயிடலாம்னார். அதுக்குத் தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான்.

அப்புறம் ரெண்டு பேரும் பின்வாசல்ல குத்தவச்சு உட்கார்ந்தாங்க. பக்கத்துக் கடையில எடைக்கல் ஒண்ணு வாங்கிட்டு வந்து, கத்தியை மேல வச்சு அடிக்கிறதுக்காகக் கீழ வச்சாங்க. இவர் டூல்ஸ் பையில இருந்து சின்னச் சுத்தியலும் மெல்லிசான திருப்புளியும் எடுத்தார். மண்ணெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, திருப்புளியை இடுக்குல குடுத்து நெம்பி, அலகை விடுவிச்சாங்க. மறுபடி பழைய ஆட்டம். தம்பி ஒரே போடா போடலாம்னான். அப்படிப் போட்டதாலதான் உங்கக்கா இந்த லட்சணத்துல வச்சிருக்கான்னு இவர் சொல்லிட்டு, சுவத்துல தொங்கின தினசரிக் காலண்டர்ல அன்னிக்குத் தாளைக் கிழிக்கச் சொன்னார். அதைச் சின்னத் துண்டா நறுக்கி, அலகுக்கு ரெண்டு பக்கமும் சொருகினார். அந்தத் தாள் அளவுக்கு இடம் விட்டு அடிச்சா ஆடவும் செய்யாது, சிக்கவும் செய்யாதாம். அடிக்கிறதும் நடுவுல இல்லை. ரிவிட்டுத் தலையோட ஓரத்துல சுத்திச் சுத்தி, தட்டுற மாதிரி.

இவர் நாலு தட்டு தட்டி, "ஏலே மாப்ள, இந்தா, பாரு"ன்னு நீட்டுவார். அவன் வாங்கி விரிச்சு, ஆட்டிப் பார்த்து, "இன்னும் துளி ஆடுது அத்தான்"னு திருப்பிக் குடுப்பான். மறுபடி தட்டுவார், மறுபடி நீட்டுவார். அடுப்படி வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்த எனக்குத் திடீர்னுதான் உறைச்சுது. கத்தி கைக்குக் கை போய்க்கிட்டு இருக்கு. கீழ வைக்கணுங்கிற நினைப்பே ரெண்டு பேருக்கும் இல்லை. சொல்லலாம்னு வாயெடுத்தேன். அப்படியே மூடிக்கிட்டேன்.

தாளை உருவினதும் கத்தி நல்லா விரிஞ்சுது, டக்குன்னு மடங்குச்சு. அதால நறுக்கின முதல் துண்டு எனக்குத்தான், பிள்ளைத்தாச்சிங்கிற மரியாதை. மண்ணெண்ணெய் வாடை லேசா இருந்துச்சு. ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தேன், நல்லாருக்குன்னு சொல்லித் தின்னுட்டேன். சாயங்கால பஸ் போயிருச்சு. அடுத்த பஸ்ஸுக்கு இவரே சைக்கிள்ல வச்சுக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தார்.

மறுவருஷம் என் மகளுக்குத் தாய்மாமன் மடியிலதான் காது குத்தினோம். அந்தக் கத்தி இப்பவும் எங்க வீட்டுல இருக்கு. ஒவ்வொரு சீசனுக்கும் மாம்பழம் நறுக்குது. வீட்டுல யாராவது முகத்தைத் திருப்பிக்கிட்டு பேசாம இருந்தா, அது கோவம்னு நானா முடிவு பண்ணிப் பாத்திரத்தை உருட்டுறதை அன்னிக்கே விட்டுட்டேன். நேரா போய்க் கேட்டுடுறேன். மத்த எந்தக் கத்தியா இருந்தாலும் இன்னிக்கும் நாங்க கீழ வச்சுத்தான் எடுத்துக்குவோம். அந்த ஒரு மடக்குக் கத்தியை மட்டும் தம்பி வரும்போதெல்லாம் இவர் அவன் கையிலதான் குடுக்கார், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைஞ்சு போகுது.