ஊற்றில் பூச்சி இருக்கிறது

ஊற்றுத் தண்ணீரில் வாழும் பூச்சிகளை எண்ணுவது என் வேலை. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவருக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிடும். சொந்தத் தொழிலைச் சொல்லத் தெரியாமல் விழித்தவராக இருந்தால், நீங்களும் என் கட்சிதான்.

கல் வீடு

அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஓர் ஊற்று. பத்து வருடங்களுக்கு முன் முதல்முறை போனபோது, மே மாத வெயிலிலும் தண்ணீர் சில்லென்றிருந்தது. ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் அரிசி நீளத்துக்கு ஒரு புழு. மணல் துகள்களை ஒட்டிக் குழாய் போல வீடு கட்டிக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டியிருந்தது. வளர்ந்தால் இறக்கை முளைத்துப் பறந்துவிடும். கெடாத, ஓடுகிற தண்ணீர் இல்லாவிட்டால் பிழைக்காது. நம் பக்கத்தில் அதுவரை அதை நான் பார்த்ததே இல்லை.

மண்டியிட்டபடி ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்த ஆய்வக உதவியாளர் பாஸ்கர் வெள்ளைத் தட்டைப் பிடித்துக் கை வலித்துப்போய்ச் சொன்னார்: "பொண்ணு பாக்கப் போனப்பகூட இப்டி பாத்திருக்க மாட்டீங்க சார்."

செம்புழு

அதே வாரம் ஆம்பூருக்கு வெளியே இன்னோர் ஊற்று. வலையில் செம்புழுக்கள் மட்டுமே வந்தன. தண்ணீரில் காற்று குறைந்தால் மற்றவை போய்விடும், இவை தாங்கும். தோல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாய் ஒருவர் என்ன கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். வலையை எட்டிப் பார்த்துவிட்டு, "அதுவாவது இருக்குதே. அதுவும் போய்ட்டா நீங்களும் இந்தப் பக்கம் வர மாட்டீங்க" என்றார்.

நல்ல செய்தி

அணைக்கட்டு ஊற்றில் தண்ணீர் எடுப்பவர் செல்வி, ஏறக்குறைய என் வயது. உங்கள் ஊற்றில் அருமையான பூச்சி இருக்கிறது என்று முதல் நாளே அவரிடம் தட்டைக் காட்டிச் சொல்லியிருந்தேன். அவர் மற்ற பெண்களையும் கூப்பிட்டார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வியப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் போனபோது தூரத்திலேயே பிளீச்சிங் பவுடர் வாடை. பாசியைச் சுரண்டிக் கற்களைக் கழுவி அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றுமில்லை. அந்தப் பூச்சி இருந்தால் தண்ணீர் நல்லது என்ற ஒரு வாக்கியத்தை ஏன் சொல்லாமல் விட்டேன்? என் சந்தோஷத்தைச் சொன்னேனே தவிர, குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுப்பவர்கள் காதில் அது எப்படி விழும் என்று யோசிக்கவில்லை. செல்வி பெருமையாக வந்து நின்றார்: "நீ சொன்னதுலேர்ந்து பேஜாராப் போச்சு சார். ஒண்ணு விடாம சுத்தம் பண்ணிட்டோம்."

காலி வீடு

அப்புறம் எல்லாம் விளக்கினேன். ஊற்றில் பவுடர் போடுவதை நிறுத்திவிட்டு, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். மழைக்குப் பின் ஒவ்வொரு வருடமும் போகிறேன். நீர்மேல் ஓடும் பூச்சிகள் வந்துவிட்டன, தட்டான் குஞ்சுகள் வந்துவிட்டன. கல் வீட்டுக்காரன் வரவில்லை.

போன மாதம் செல்வி போன் செய்தார். முதல் பஸ்ஸில் போனேன். டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றி, வெயில் படாமல் கையால் மறைத்து வைத்திருந்தார். அதே மணல் குழாய். லென்ஸில் பார்த்தேன், உள்ளே யாருமில்லை. புதுசா பழசா, செத்ததா பறந்ததா, என்னால் சொல்ல முடியவில்லை என்றேன். செல்வி ஊற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உனக்கே தெரியலன்னா, பறந்துச்சுன்னே எழுதிக்க சார்."

இருக்கும் பூச்சிகளை எண்ணத்தான் எனக்குச் சம்பளம், ஆனால் அந்த மலைக்கு நான் பஸ் ஏறுவது என்னவோ இல்லாத ஒன்றுக்காகத்தான்.